இறுதியாண்டுத் திட்டத்திற்கு எதை எடுப்பது?

கணிப்பொறியியல் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நான்காம் ஆண்டு தொடங்கியவுடன் எழும் பேச்சு ஒன்றுதான்: இறுதியாண்டுத் திட்டத்திற்கு எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது? சென்ற ஆண்டு அவ்வினா என் வீட்டு வாயிலுக்கே வந்தது. மேல்மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலி நண்பரின் மகன், "மாமா, நாங்கள் நால்வர் சேர்ந்து இரயில் முன்பதிவு மென்பொருள் செய்யப்போகிறோம். ஐயம் வந்தால் உங்களிடம் கேட்டுக்கொள்ளலாம் அல்லவா?" என்றான்.

நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். நிரல் எழுத அறியேன். ஆயினும் முன்பதிவுச் சாளரத்தின் உட்புறம் நிகழ்வதை அறிவேன். ஆகவே ஒன்று கேட்டேன்: "தம்பி, வண்டியில் ஒரே ஒரு படுக்கை எஞ்சியிருக்கிறது. கல்யாணில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் அதே நொடியில் அதைக் கேட்கிறார்கள். உன் மென்பொருள் யாருக்குக் கொடுக்கும்?" அவன் விழித்தான். ஒருவர் பயணத்தைக் கைவிட்டால் ஆர்.ஏ.சி.யில் இருப்பவர் படுக்கை பெறுவதும், காத்திருப்போர் பட்டியல் நகர்வதும், இடையிலுள்ள ஊர்களுக்கெனத் தனி ஒதுக்கீடு இருப்பதும் அவன் எண்ணாதவை. பெயரையும் வயதையும் வாங்கி ஒரு பட்டியலில் சேர்ப்பதையே அவன் முன்பதிவு என்று கருதியிருந்தான்.

இரயில்வேக்கும் அது எளிதில் கைகூடவில்லை. 1985இல் டில்லியில் சோதனையாகத் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு, டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைய 1999ஆம் ஆண்டாயிற்று. இணையத்தில் சீட்டு வாங்கும் வசதி 2002இல்தான் வந்தது. பொறியாளர் பலர் பதினான்கு ஆண்டுகள் உழைத்ததன் நிழலை நான்கு மாணவர் எட்டு மாதத்தில் வரையலாம். நிழலுக்கு மேல் ஒன்றும் வராது. கற்றுக்கொள்வதற்காக இரண்டாம் ஆண்டில் அப்படி வரைந்து பார்ப்பதில் குற்றமில்லை.

நிற்க. அவன் தந்தையார் வேறொரு யோசனையில் இருந்தார். முடித்த திட்டத்தையே அறிக்கையோடு விலைக்குத் தரும் கடைகள் நகரில் உண்டு. "பையன் எப்படியாவது தேறினால் போதும், பணம் போனால் போகட்டும்" என்றார். என் உறவினர் மகன் ஒருவன் அவ்வாறு வாங்கிய கதையை அவருக்குச் சொன்னேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒரு வரியைச் சுட்டி, "இதை நீக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டார். விடையில்லை. பின்னர் வேலைக்கான நேர்முகத்திலும் அத்திட்டத்தைப் பற்றியே கேட்டனர், அங்கும் விடையில்லை. நண்பர் பேசாமல் எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறன்று பையனை நம் சங்க நூலகத்திற்கு அழைத்துச் சென்றேன். இரவல் ஏட்டைக் காக்கும் பெரியவர் அருகில் இரண்டு மணி நேரம் அமரச் செய்தேன். ஓர் அம்மையார் ஒரு நூலைக் கேட்டார். அது யாரிடம் இருக்கிறது என்பதை அறிய மூன்று ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. தமிழ் பேச மட்டும் தெரிந்த பிள்ளைகள் அலமாரிகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினர். அவன் திரும்பும் வழியில், "இதையே செய்கிறோம் மாமா, ஆனால் மிகச் சிறியதாக இருக்கிறதே, பேராசிரியர் ஏற்பாரா?" என்றான்.

சிறியதன்று என்பது முதல் மாதத்திலேயே தெரிந்தது. நூற்பெயர்களை அகரவரிசைப்படுத்துமாறு இயந்திரத்திடம் கூறியபோது, ‘கனவு’ முன்னும் ‘கபிலர்’ பின்னும் வந்தன. ‘கலை’க்குப் பின் ‘கல்வி’ வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தம்பி, இது எந்த ஊர் அகராதி?" என்றார். காரணத்தை அவன்தான் தேடிக் கண்டு எனக்கு விளக்கினான். யூனிகோடு முறையில் தமிழெழுத்துகளுக்கு அளித்த எண்கள், இந்திய எழுத்துகள் அனைத்திற்கும் பொதுவாக வகுத்த ஒரு வரிசையைத் தழுவியவை. அதனால் கடைசியில் நிற்க வேண்டிய னகரம் நகரத்தை ஒட்டி நிற்கிறது. றகரம் ரகரத்தின் அருகில் வந்துவிடுகிறது. புள்ளியோ உயிர்க்குறிகள் எல்லாவற்றிற்கும் பின்னால் எண் பெற்றிருக்கிறது. எனவே மெய்யையும் குறியையும் சேர்த்து ஓரெழுத்தாகக் கொண்டு, 247 எழுத்துகளுக்கும் தனித்தனி வரிசை எண் கொடுத்தனர். யூனிகோடு அமைப்பின் மொழித் தரவுத் தொகுப்பில் தமிழ் வரிசைக்கு விதி முன்னரே உண்டு என்பதைப் பிறகுதான் கண்டார்கள். தங்கள் விடையை அதனோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தினார்கள்.

பிள்ளைகளின் தேடல் இன்னும் கடினமாயிற்று. சிலப்பதிகாரத்தை ஒருவன் ஆங்கில எஸ் எழுத்தில் தொடங்குகிறான், மற்றொருவன் சி எழுத்தில்; தகரத்திற்குப் பின் ஒருவன் எச் இடுகிறான், ஒருவன் இடுவதில்லை. இவை யாவும் ஒரே நூலுக்குச் சென்று சேர வேண்டும். குழுவில் ஒரு மராத்தியப் பெண் இருந்தாள். அவளுக்குத் தமிழெழுத்து தெரியாததால், பிள்ளைகள் எங்கெங்கே தடுமாறுவார்கள் என்பதை மற்ற மூவரைக் காட்டிலும் அவளே நன்கு கண்டுகொண்டாள்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர், "ஆயத்த விதி இருக்கும்போது நீங்களாக ஏன் எழுதினீர்கள்?" என்று கேட்டாராம். ‘கனவு’, ‘கபிலர்’ கதையைச் சொல்லத் தொடங்கியவன் அரை மணி நேரம் பேசினானாம். நண்பர் அன்று மாலை எனக்கு இனிப்பு கொண்டுவந்தார். கடையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இப்போது நூலகத்தில் அம்மென்பொருள்தான் நடைபெறுகிறது. பெரியவர் பழைய ஏட்டையும் விடவில்லை. மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்கிறார். அதுவும் நியாயமே. நூல் திரும்பும் நாளைக் கைப்பேசிக்கு நினைவூட்டுவதும், ஒரே ஆசிரியர் பெயரைச் சிலர் ஜகரத்திலும் சிலர் சகரத்திலும் எழுதுவதால் இரு பட்டியலாகப் பிரிந்து நிற்பதை ஒன்றாக்குவதும் அவர்கள் முடிக்காமல் விட்ட பணிகள். இவ்வாண்டு நான்காம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகள் ஞாயிறு மாலையில் வந்தால் பெரியவர் அருகில் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கிறது.