காலணி ஓடாது, கால்தான் ஓடும்

மாணவர்களே, நாஃபா உடலுறுதிச் சோதனை என்றதும் உங்களில் பலருக்கு வயிற்றைக் கலக்குவது எது? 2.4 கிலோமீட்டர் ஓட்டமாகத்தான் இருக்கும். 400 மீட்டர் ஓடுதடத்தில் 6 சுற்றுகள். தொடக்கப்பள்ளியில் 1.6 கிலோமீட்டர், அதாவது 4 சுற்றுகள்தான் ஓடியிருப்பீர்கள். கூடுதலாக வரும் அந்த இரண்டு சுற்றுகள்தான் மலைபோல் தெரிகின்றன.

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது விழித்துக்கொள்பவர்கள் உண்டு. பெற்றோரிடம் கெஞ்சி விலை உயர்ந்த காலணி வாங்குவார்கள். மறுநாளிலிருந்து தினமும் ஓடுவார்கள். முதல் வாரம் மூச்சு வாங்கும். இரண்டாம் வாரம் கொஞ்சம் எளிதாகும். மூன்றாம் வாரம், "முன்பைவிட வேகமாக ஓட முடிகிறதே!" என்று மகிழும் நேரத்தில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி தொடங்கும். சோதனை நாளில் ஓடுதடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து நண்பர்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

நல்ல காலணிதானே வாங்கினோம், பிறகு ஏன் வலித்தது? விடை காலணியில் இல்லை. நம் உடலின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு வேகத்தில் வலுப்பெறுகிறது. அதைப் புரிந்துகொண்டால் ஓட்டம் எளிதாகும்.

ஓர் அடியில் எவ்வளவு சுமை?

நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது அடிகளுக்கு இடையே இரண்டு பாதங்களும் கணநேரம் காற்றில் இருக்கும். அதாவது, நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறீர்கள். அப்போது உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்கு விசை அந்தக் காலில் செயல்படுகிறது.

உங்கள் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் தாங்குவது 100 முதல் 150 கிலோ எடைக்குச் சமமான விசை. 10 கிலோ அரிசி மூட்டைகள் பத்துப் பதினைந்தை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தாங்குவதுபோல! நிமிடத்துக்கு 160 அடிகள் வீதம் 15 நிமிடம் ஓடினால், இது 2,400 முறை நடக்கும்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் கால் இதற்கேற்றபடியே அமைந்திருக்கிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. பாதத்தின் வளைவும், குதிகாலைக் கெண்டைக்கால் தசையுடன் இணைக்கும் அக்கிலீஸ் தசைநாணும், சுருள்வில்போல் ஆற்றலைச் சேமித்து அடுத்த அடிக்குத் திருப்பித் தருகின்றன.

அதோடு, அளவான சுமை எலும்பை வலுவாக்கும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டிலேயே, எலும்பு தான் தாங்கும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்று எழுதினார். பல ஆண்டுகள் விளையாடிய டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கையிலுள்ள எலும்பு, மறு கையின் எலும்பைவிடத் தடிமனாக இருப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓடத் தொடங்கிய சில நாள்களிலேயே ரத்தத்தில் பிளாஸ்மா என்னும் திரவத்தின் அளவு கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான ரத்தத்தை அனுப்புகிறது. சில வாரங்களில் தசை உயிரணுக்களில் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்டிரியா பெருகுகின்றன. அதனால்தான் மூச்சு வாங்குவது விரைவில் குறைகிறது.

எலும்பும் தசைநாணும் அவ்வளவு அவசரப்படுவதில்லை. எலும்பு புதுப்பிக்கப்படும் முறையைச் சாலைப் பணியோடு ஒப்பிடலாம். முதலில் பழைய சாலையைத் தோண்டுவார்கள். பிறகுதான் புதிய தார் போடுவார்கள். எலும்பிலும் ஒருவகை உயிரணுக்கள் பழைய பகுதியை அகற்றுகின்றன. இன்னொருவகை உயிரணுக்கள் புதிய எலும்பை உருவாக்குகின்றன. இது முடியச் சில மாதங்கள் ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் சற்றுப் பலவீனமாக இருக்கும். தோண்டிய சாலையில் கனரக வண்டிகளை ஓட விட்டால் என்ன ஆகும்? அதேதான், மூன்றாம் வாரத்தில் வேகத்தைக் கூட்டும் மாணவரின் காலிலும் நிகழ்கிறது.

உங்கள் வயதில் இன்னொரு காரணமும் உண்டு. எலும்புகளின் முனைப்பகுதிகளில் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் இருக்கின்றன. மிருதுவான அந்தப் பகுதிகளைத் தசைநாண்கள் திரும்பத் திரும்ப இழுக்கும்போது குதிகாலிலோ முழங்காலுக்குச் சற்றுக் கீழேயோ வலி வரலாம்.

எப்படித் தொடங்குவது?

1996ஆம் ஆண்டில் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஓடிப் பழகாத தம் தாயாரை மனத்தில் வைத்து 9 வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கினார். இன்று உலகெங்கும் பலர் அதைப் பின்பற்றுகின்றனர். அதன் முதல் வாரம் இவ்வளவுதான்: 5 நிமிடம் விறுவிறு நடை, பிறகு 60 விநாடி மெதுவோட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். வாரத்துக்கு 3 நாள்கள் மட்டுமே. ஓடாத நாள்களும் பயிற்சியின் ஒரு பகுதிதான். எலும்பு தன்னைச் சீரமைத்துக்கொள்வது அப்போதுதான்.

எவ்வளவு வேகம் சரி? பக்கத்தில் ஓடும் நண்பருடன் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒரு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

நம் ஊரின் வெப்பத்தையும் மறக்கக் கூடாது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ ஓடுங்கள். தண்ணீர் கொண்டு செல்லுங்கள். புகைமூட்டம் இருந்தால் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காலணி என்ன செய்யும்?

எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் நெட்டோட்டத்தில் வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றார். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் காலணி அணிந்து ஓடி மீண்டும் தங்கம் வென்றார். இரண்டு முறை வென்றதும் பல ஆண்டுப் பயிற்சி பெற்ற அதே கால்கள்தான்.

அதற்காக வெறுங்காலுடன் ஓடக் கிளம்பிவிடாதீர்கள்! பழகாத பாதத்துக்கு அதுவும் திடீர்ச் சுமைதான். காலணி பாதத்தைக் கல், கண்ணாடித் துண்டு, சுடும் தரை ஆகியவற்றிலிருந்து காக்கிறது. அதன் நடுப்பகுதியிலுள்ள நுரைப்பொருளில் நிறைந்திருக்கும் சிறு காற்றுக் குமிழிகள் அழுத்தத்தைச் சற்று மென்மையாக்குகின்றன. தட்டையான பள்ளிக் காலணியில் இது குறைவு.

ஈரப் பாதத்தைத் தரையில் பதித்து, "உனக்குத் தட்டைப் பாதம், இந்த வகைக் காலணிதான் வேண்டும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க ராணுவப் பயிற்சியில் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரிடம் இது சோதிக்கப்பட்டது. பாதத்தின் வடிவத்துக்கு ஏற்பக் காலணி கொடுத்ததால் காயங்கள் குறையவில்லை என்பதே முடிவு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக்கும் அவருடைய குழுவினரும் 2015ஆம் ஆண்டில் எளிமையான வழி ஒன்றை முன்வைத்தனர்: அணிந்து ஓடிப் பார்க்கும்போது எது வசதியாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

• மாலையில் செல்லுங்கள். நாள் முழுதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும்; ஓடும்போதும் அப்படித்தான்.

• ஓடும்போது அணியும் காலுறையோடு இரண்டு காலணிகளையும் அணிந்து பாருங்கள். இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது. பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவை வாங்குங்கள்.

• எழுந்து நிற்கும்போது, மிக நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். விரல்களைத் தாராளமாக அசைக்க முடிய வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது.

• கடைக்குள்ளேயே சில அடிகள் மெதுவாக ஓடிப் பாருங்கள். "போடப் போடச் சரியாகிவிடும்" என்பதை நம்ப வேண்டாம்.

• "வளரும் பிள்ளை, பெரிதாகவே வாங்கலாம்" என்று அம்மா சொல்லக்கூடும். மிகப் பெரிய காலணியில் பாதம் உரசிக் கொப்புளம் வரும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஓட்டக் காலணி பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். வாரத்துக்கு 9 கிலோமீட்டர் ஓடினால், 500 கிலோமீட்டரைத் தொட ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் உங்கள் பாதமே வளர்ந்துவிடலாம். ஆகவே, மிக விலை உயர்ந்ததைத் தேட வேண்டிய அவசியமில்லை.

வலி சொல்லும் செய்தி

ஓடிய மறுநாள் இரண்டு கால் தசைகளும் பொதுவாக வலித்து, ஓரிரு நாள்களில் குறைந்தால் கவலை வேண்டாம். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி, ஓட ஓடக் கூடும் வலி, படுத்திருக்கும்போதும் இருக்கும் வலி ஆகியவை வேறு. உடனே ஓட்டத்தை நிறுத்தி, உடற்கல்வி ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் ஓர் அடிகூடத் தொடராதீர்கள்.

உங்கள் சோதனைக்கு இன்னும் எத்தனை வாரங்கள் இருக்கின்றன என்று நாள்காட்டியில் எண்ணிப் பாருங்கள். ஒன்பது இருந்தால் மிகவும் நல்லது. இன்று மாலை வீட்டருகே உள்ள பூங்கா இணைப்புப் பாதைக்குச் சென்று ஒரு நிமிடம் மட்டும் ஓடுங்கள். பிறகு நடங்கள். எலும்புக்குத் தேவையான கால அவகாசம் அந்த ஒரு நிமிடத்திலிருந்துதான் தொடங்குகிறது.