கிராஃபிக்ஸ் கார்டு வேகம் கூடக்கூட... உங்கள் பாஸ்வேர்டு எத்தனை நாள் தாங்கும்?

"மூணு தடவை தப்பா போட்டா லாக் ஆயிடுமுங்க. அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் ஐடி வேலையில் இருப்பவர்களிடம் பாஸ்வேர்டு பற்றிப் பேசினால் இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். ஏடிஎம் பின் வெறும் நான்கு இலக்கம். ஆனாலும் அது இத்தனை காலம் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் அந்த 'லாக்'தான்.

ஆனால் பாஸ்வேர்டு திருடுபவர் லாகின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பதில்லை. கம்பெனி சர்வரில் இருக்கும் மொத்தப் பட்டியலையும் நகல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அதன்பிறகு வேலை நடப்பது அவருடைய கம்ப்யூட்டரில். அங்கே லாக் கிடையாது. எத்தனை கோடி முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். அவருக்கு இருக்கும் ஒரே தடை, நேரம். அந்த நேரத்தைத்தான் புதிய கிராஃபிக்ஸ் கார்டுகள் சுருக்கிக்கொண்டே வருகின்றன.

2 கோடிப் பேரின் பட்டியல்

இது கற்பனை இல்லை. கோவை உட்பட பல நகரங்களில் மளிகை டெலிவரி செய்யும் பிக்பாஸ்கெட் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 2 கோடிப் பேரின் விவரங்கள் டார்க் வெப்பில் விற்பனைக்கு வந்திருப்பதாக 2020 நவம்பரில் 'சைபிள்' என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. கேட்கப்பட்ட விலை 40,000 டாலருக்கு மேல். பெங்களூரு சைபர் க்ரைம் போலீஸில் புகார் கொடுத்த பிக்பாஸ்கெட், கார்டு எண் போன்ற நிதி விவரங்களைத் தாங்கள் சேமிப்பதில்லை என்று விளக்கம் தந்தது.

2021 ஏப்ரலில் 'ஷைனி ஹன்டர்ஸ்' என்ற ஹேக்கர் கும்பல் அந்தப் பட்டியலை இலவசமாகவே இணையத்தில் போட்டுவிட்டது. பெயர், மெயில், மொபைல் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி எல்லாம் அதில் இருந்தன. பாஸ்வேர்டும் இருந்தது. ஆனால் அப்படியே இல்லை. 'ஷா-1' என்ற முறையில் உருமாற்றப்பட்டிருந்தது. அதில் 20 லட்சம் பாஸ்வேர்டுகளை உடைத்துவிட்டதாக ஹேக்கர்கள் அப்போதே சொல்லிக்கொண்டார்கள். 7 லட்சம் பேர் 'பாஸ்வேர்டு' என்ற சொல்லையே பாஸ்வேர்டாக வைத்திருந்ததாகவும் ஒருவர் சொன்னார்.

உருமாற்றி வைத்ததை எப்படி உடைக்கிறார்கள்?

மாவை அரிசியாக்க முடியாது, ஆனால்...

இந்த உருமாற்றத்துக்குப் பெயர் 'ஹேஷ்'. நம்ம ஊர் கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியைப் போட்டால் மாவு வரும். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. ஹேஷும் அப்படித்தான். நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டை அரைத்து, வரும் மாவை மட்டும் கம்பெனி சேமித்து வைக்கும். அடுத்த முறை லாகின் செய்யும்போது மறுபடி அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும்.

திருடனிடம் இருப்பதும் அந்த மாவுதான். அதனால் அவர் என்ன செய்கிறார்? தன் வீட்டிலேயே ஒரு கிரைண்டர் வைத்து, ஒவ்வொரு அரிசியாகப் போட்டு அரைத்துப் பார்க்கிறார். எந்த மாவு திருடிய மாவோடு ஒத்துப்போகிறதோ, அதுதான் உங்கள் பாஸ்வேர்டு.

ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கும் இருவருக்கு ஒரே மாவு வரக்கூடாது என்பதற்காக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் 'சால்ட்' சேர்ப்பார்கள். பெயரே உப்புதான். உப்பு சேர்த்தால் எல்லோருடையதையும் ஒரே மூச்சில் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் தனியாக அரைக்க வேண்டும். ஆனால் அரைக்கும் வேகமே பயங்கரமாக இருந்தால் உப்பு மட்டும் காப்பாற்றாது.

கேம் ஆடும் கார்டுக்கு இங்கே என்ன வேலை?

கம்ப்யூட்டரின் சிபியு ஒரு கைதேர்ந்த டெய்லர் மாதிரி. முழுச் சட்டையையும் தானே தைத்துவிடுவார். கிராஃபிக்ஸ் கார்டு திருப்பூர் பனியன் கம்பெனியின் தையல் லைன் மாதிரி. ஒவ்வொரு மெஷினும் சின்ன வேலைதான் செய்யும். ஆனால் ஆயிரக்கணக்கான மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும். 2022 அக்டோபரில் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் இப்படி 16,384 கணக்கீட்டு அலகுகள் இருக்கின்றன. ஒரே கணக்கை வேறு வேறு எண்களோடு திரும்பத் திரும்பப் போடுவதற்கு இதைவிடத் தோதான இயந்திரம் கிடையாது. பாஸ்வேர்டு அரைப்பது அதே வேலைதான்.

வேகம் எப்படி ஏறியிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2012 டிசம்பரில் ஜெரமி கோஸ்னி என்ற பாதுகாப்பு நிபுணர் 25 கிராஃபிக்ஸ் சிப்களை இணைத்து ஓர் இயந்திரத்தைக் காட்டினார். விண்டோஸ் பயன்படுத்தும் ஹேஷ் முறையில் நொடிக்கு சுமார் 35,000 கோடி முயற்சிகள். எட்டு எழுத்து விண்டோஸ் பாஸ்வேர்டு எதுவானாலும் ஐந்தரை மணி நேரத்தில் காலி. உலகமே வாயைப் பிளந்தது.

பத்தே ஆண்டுகளில் வந்த 4090, அதே வேலையை நொடிக்கு சுமார் 28,800 கோடி முறை செய்கிறது. ஒரே ஒரு கார்டு! அதே எட்டு எழுத்துக்கு ஆறரை மணி நேரம் போதும். கார்டை வாங்கக்கூட வேண்டாம்; கிளவுடில் மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எந்த பாஸ்வேர்டு எவ்வளவு நேரம்?

ஷா-1 முறையில் 4090 கார்டின் வேகம் நொடிக்கு சுமார் 5,060 கோடி. திருடிய பட்டியலில் ஒரே ஒருவரைக் குறிவைத்தால், எல்லா வாய்ப்புகளையும் முயன்று முடிக்க ஆகும் நேரம் இதுதான்:

• மொபைல் எண்: 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

• வண்டி எண்: டிஎன் 37, 38, 66 என்று கோவையோடு நிற்க வேண்டாம். 01 முதல் 99 வரை எல்லா ஆர்டிஓவையும் சேர்த்தாலும், இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட எண்கள் சுமார் 67 கோடிதான். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும்.

• எட்டு சிறிய ஆங்கில எழுத்துகள்: சுமார் 4 நொடி.

• பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்த எட்டு எழுத்து: ஒன்றரை நாள்.

• அதே கலவையில், யோசிக்காமல் தாறுமாறாக எடுத்த 12 எழுத்து: 3 லட்சம் ஆண்டுகளுக்கு மேல்.

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். நான்கு எழுத்துதான் கூடியது. ஒன்றரை நாள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகிவிட்டது. ஒவ்வோர் எழுத்து கூடும்போதும் வேலை 95 மடங்கு பெருகுவதுதான் காரணம்.

"நான்தான் '@' போட்டிருக்கேனே!"

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஆங்கில எழுத்தில் 'மருதமலை' என்று அடித்து, ஓர் 'ஏ'வுக்குப் பதில் '@' போட்டு, கடைசியில் பிறந்த வருடத்தைச் சேர்த்தால் 16 எழுத்து வந்துவிடும். பார்க்க பலமாகத்தான் தெரியும்.

ஆனால் திருடர்கள் முதலில் எல்லா எழுத்துகளையும் வரிசையாக முயல்வதில்லை. ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டு பட்டியல்களில் இருந்துதான் தொடங்குகிறார்கள். 2009-ல் 'ராக்யூ' தளத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் எந்த உருமாற்றமும் இல்லாமல் கசிந்தன. அந்தப் பட்டியல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்பின் எத்தனையோ கசிவுகள். இந்தியத் தளங்கள் கசியும்போது முருகனும், தங்கமும், செல்லமும், குலதெய்வத்தின் பெயரும் அந்தப் பட்டியல்களில் போய்ச் சேர்கின்றன.

'ஏ'வுக்கு '@', 'ஓ'வுக்கு பூஜ்யம், முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, கடைசியில் 123 சேர்ப்பது... இந்த வித்தைகள் எல்லாமே உடைக்கும் மென்பொருளில் விதிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. மனிதர்கள் எப்படி யோசிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். நீளம் உதவும்தான், ஆனால் ஊகிக்க முடியாத நீளமாக இருக்க வேண்டும்.

வீட்டு வைஃபையும் இதே கதைதான்

வைஃபைக்கு மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாக வைப்பது நம்மிடம் சகஜம். உங்கள் போன் ரூட்டரோடு இணையும் கணத்தில் காற்றில் போகும் தகவலைப் பக்கத்தில் இருக்கும் ஒருவர் பிடித்துவிட்டால், மீதி வேலையை அவர் வீட்டிலேயே செய்யலாம். ரூட்டருக்கு எதுவும் தெரியாது.

பரவலாக இருக்கும் டபிள்யூபிஏ2 முறை ஒவ்வொரு முயற்சிக்கும் ஆயிரக்கணக்கான முறை அரைக்க வைப்பதால் 4090 இங்கே திணறும். நொடிக்கு சுமார் 25 லட்சம் முயற்சிகள்தான். ஆனாலும் 400 கோடி மொபைல் எண்களையும் முயல அரை மணி நேரம் ஆகாது.

மிக்ஸியா, கிரைண்டரா?

அப்படியானால் கம்பெனிகள் என்ன செய்ய வேண்டும்? மெதுவாக அரைக்க வேண்டும்!

ஷா-1, எம்டி5 போன்றவை மிக்ஸி மாதிரி. சட்டென்று அரைத்து முடிக்கும். அவை வேகத்துக்காகவே உருவாக்கப்பட்டவை. பாஸ்வேர்டு சேமிக்க அல்ல. 1999-ல் வந்த 'பிகிரிப்ட்', 2015-ல் சர்வதேசப் போட்டியில் வென்ற 'ஆர்கான்2' போன்றவை வேண்டுமென்றே நிதானமாக ஓடும் கல் கிரைண்டர்கள். லாகின் செய்யும் உங்களுக்கு நொடியில் ஒரு பங்குதான் தாமதம், தெரியவே தெரியாது. கோடிக்கணக்கில் அரைக்க வேண்டிய திருடனுக்கு அது பெரிய சுமை. ஆர்கான்2 ஒவ்வொரு முயற்சிக்கும் நிறைய மெமரியும் கேட்கும் என்பதால், ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டின் பலமே அங்கே அடிபடுகிறது.

பிகிரிப்டின் மிகக் குறைந்த அமைப்பு ஒன்றிலேயே 4090-ன் வேகம் நொடிக்கு 1.84 லட்சமாக விழுந்துவிடுகிறது. ஷா-1-ல் ஒன்றரை நாளில் உடையும் அந்த எட்டு எழுத்துக்கு இங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் ஒன்று: உங்கள் பாஸ்வேர்டு மிகப் பிரபலமான 10 லட்சம் பாஸ்வேர்டுகளில் ஒன்றாக இருந்தால், இங்கேயும் ஆறு நொடிதான். நல்ல கிரைண்டரும் மோசமான பாஸ்வேர்டைக் காப்பாற்றாது.

தகவல்களைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்தக் கம்பெனி எந்த முறையில் அரைக்கிறது என்பது வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. அதனால் நம் பக்கத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, நாம என்ன செய்யணும்?

ஒரு தளத்துக்கு ஒரு பாஸ்வேர்டு. இதுதான் முதல் வேலை. மளிகை ஆப் பாஸ்வேர்டு போனால் பெரிய நஷ்டமில்லை. அதே பாஸ்வேர்டு ஜிமெயிலுக்கும் இருந்தால்? மெயில் போனால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டுகளை எல்லாம் ரீசெட் செய்துவிடலாம்.

பாஸ்வேர்டு மேனேஜரிடம் விடுங்கள். போனிலும் பிரவுசரிலும் ஏற்கெனவே இருக்கிறது. 16 எழுத்துக்கு அதுவே தாறுமாறாக உருவாக்கி, அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

நினைவில் வைக்க வேண்டியதற்கு ஆறு சொற்கள். மெயிலுக்கும் மேனேஜருக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு சொற்களை வையுங்கள். மனதுக்குள் யோசித்து எடுக்காதீர்கள்; புத்தகத்தை அங்கங்கே திறந்து விரல் படும் சொல்லை எடுங்கள். பாட்டு வரி, வசனம் வேண்டாம்.

இரண்டடுக்குப் பாதுகாப்பு, பாஸ்கீ. முதலில் மெயிலில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்யுங்கள். 'பாஸ்கீ' வசதி இருந்தால் இன்னும் நல்லது. அதில் ரகசியம் உங்கள் போனிலேயே இருக்கும். சர்வரைத் திருடினாலும் அரைத்துப் பார்க்க அங்கே மாவே இருக்காது.

கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று காட்டும். பிக்பாஸ்கெட் கசிவும் அதில் பதிவாகியிருக்கிறது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணை அழையுங்கள்.

2021-ல் வெளியான அந்தப் பட்டியலை இனி யாராலும் திரும்பப் பெற முடியாது. அன்று உடையாத பாஸ்வேர்டுகளை அடுத்து வரும் கார்டுகளில் மறுபடி அரைத்துப் பார்க்கலாம். 2020-க்கு முன்பு வைத்த பாஸ்வேர்டை இன்னும் எங்காவது பயன்படுத்துகிறீர்களா? இன்றைக்கே மாற்றிவிடுங்க.