தொட்டிக்குள் திணறும் கறிவேப்பிலை

தண்ணீர் ஊற்றியதுமே அத்தனையும் அடித்துளை வழியாக ஓடிவிடுகிறதா? காலையில் ஊற்றியும் மதியமே செடி துவள்கிறதா? உரம் வாங்க ஓடாதீர்கள். தொட்டியின் அடியைப் பாருங்கள். துளையில் வேர் எட்டிப் பார்த்தால், உள்ளே மண்ணைவிட வேர்தான் அதிகம்.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தோண்ட மண் இல்லாத வீடுகளில், கறிவேப்பிலையும் மல்லியும் வருஷக்கணக்கில் ஒரே பெயின்ட் வாளியில் நிற்கும். வாடகை வீடு மாறினால் கூடவே வண்டி ஏறும். அப்படி வளர்த்த செடியைக் காப்பாற்ற ஒரு மாலை நேரம் போதும்.

சித்திரை வெயிலில் மட்டும் வேண்டாம். மாசியில் துளிர் விடும் முன்போ, ஆடிக் காற்று ஓய்ந்த பிறகோ செய்யலாம். முந்தைய நாளே தண்ணீர் விட்டு, தொட்டியைச் சாய்த்துப் பக்கங்களில் தட்டினால் செடி மண்ணோடு நழுவி வரும். வராவிட்டால் தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், வாளியை அறுத்துவிடுங்கள். வாளி போனால் இன்னொன்று கிடைக்கும்.

வட்டமாகச் சுற்றிய வேரை அப்படியே புதுத் தொட்டியில் வைத்தால், அது அங்கேயும் சுற்றிக்கொண்டே இருக்கும். எனவே அடியில் சுருண்ட வேர்களை வெட்டி, பக்கவாட்டில் நான்கு இடங்களில் கத்தியால் மேலிருந்து கீழாக லேசாகக் கீறிவிடுங்கள். கைக்குப் பதறும்தான், ஆனால் வெட்டிய இடத்திலிருந்துதான் புது வேர் கிளம்பும். வேரைக் குறைத்த அளவுக்கு மேலே கிளைகளையும் கொஞ்சம் கவாத்து செய்யுங்கள்.

புதுத் தொட்டி இரண்டு, மூன்று அங்குலம் அகலமாக இருந்தால் போதும். ரொம்பப் பெரிதானால் ஈரம் தேங்கி வேர் அழுகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ரசாயனம் இருந்த பழைய டிரம்மை எடுக்காதீர்கள்; சமையலுக்குப் போகும் இலை அது. செம்மண், மக்கிய தொழுவுரம், நன்றாக அலசிய தேங்காய் நார்க்கழிவு கலந்து நிரப்புங்கள். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். கடற்கரை மணலும் கூடாது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால், கனமான தொட்டியை மாடி நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக வையுங்கள்.

இந்தப் பகுதியில் உண்மையான சோதனை தண்ணீர்தான். பல இடங்களில் கடல்நீர் ஊடுருவி போர் தண்ணீர் உப்பேறியிருக்கிறது. வெட்டுப்பட்ட வேருக்கு அது ஆகாது. ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரும் வேண்டாம். அதில் உப்பு இன்னும் அதிகம். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாக ஆகும். மழை பெய்தால் தொட்டியை நனையவிடுங்கள். மண்ணில் படிந்த உப்பு கரைந்து இறங்கும்.

முதல் பத்து நாள் நிழல். கடல் காற்று நேராக அடிக்காத மூலை நல்லது. இலையில் படியும் கரித்தூசியைத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். ஒரு மாதம் உரம் போடாதீர்கள். இந்த நாட்களில் கறிவேப்பிலை மொத்த இலையையும் உதிர்த்தாலும் பிடுங்கி எறியாதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. துளிர் வந்ததும் ரசத்துக்குக் கிள்ளப் போகாமல், இலை முற்றும்வரை கடையிலேயே வாங்குங்கள்.