எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரின் உடல் எடை மாற்றமும் இன வேறுபாடும்

திறவுச்சொற்கள்: எச்.ஐ.வி., கூட்டு மருந்துச் சிகிச்சை, உடல் எடை, இனம், மரபணு வேறுபாடு

முன்னுரை

எச்.ஐ.வி. தொற்றின் தொடக்கக் காலத்தில் உடல் மெலிவே அதன் அடையாளமாகக் கருதப்பட்டது. உகாண்டாவில் அது 'மெலிவு நோய்' என்றே வழங்கப்பட்டது. கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலானபின், எடை மிகுதலே ஆய்வுக்குரிய சிக்கலாக மாறியுள்ளது. கறுப்பினத்தவரிடமும் பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுவதன் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

தென்னாப்பிரிக்க ஆய்வு

ஜோகன்னஸ்பர்க் நகரில் 1053 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட 'அட்வான்ஸ்' ஆய்வின் 48 வார முடிவுகள் 2019இல் வெளியாயின. டோலுடெக்ராவிருடன் டெனோஃபோவிர் அலாஃபெனமைடு பெற்ற பெண்களின் எடை சராசரியாக 6.4 கிலோவும், டோலுடெக்ராவிருடன் டெனோஃபோவிர் டைசோபிராக்சில் பெற்றோரின் எடை 3.2 கிலோவும் கூடின. எஃபாவிரென்ஸ் அடங்கிய பழைய சிகிச்சையில் இவ்வுயர்வு 1.7 கிலோ மட்டுமே. இதனால் புதிய மருந்தே எடையைப் பெருக்குகிறது என்னும் கருத்து வலுப்பெற்றது.

மரபணுவின் பங்கு

எஃபாவிரென்ஸைச் சிதைப்பது சிஒய்பி2பி6 என்னும் கல்லீரல் நொதி. இந்நொதிக்குரிய மரபணுவின் ஒரு மாற்றுவடிவத்தால் மருந்து மெதுவாகச் சிதைந்து, குருதியில் அதன் அளவு உயர்கிறது. அட்வான்ஸ் ஆய்வில் பங்கேற்றோருள் ஒரு பகுதியினரின் மரபணுவை ஆராய்ந்தபோது, எஃபாவிரென்ஸை விரைந்து சிதைப்போரின் எடை உயர்வுக்கும், டெனோஃபோவிர் டைசோபிராக்சிலுடன் டோலுடெக்ராவிர் பெற்றோரின் எடை உயர்வுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மெதுவாகச் சிதைப்போரிடமே எடை உயர்வு தடைப்பட்டிருந்தது. எனவே, காணப்பட்ட வேறுபாட்டில் ஒரு பகுதி புதிய மருந்தின் விளைவன்று. பழைய மருந்தின் நச்சுத்தன்மை எடையை அடக்கிவைத்ததன் விளைவு எனலாம்.

இம்மாற்றுவடிவம் ஆப்பிரிக்க மரபினரிடம் மிகுதி. எனினும் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. தென்னிந்திய நோயாளிகளிடமும் இது எஃபாவிரென்ஸின் குருதி அளவை உயர்த்துவதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

சமூகக் காரணிகள்

எட்டு மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வு, கறுப்பினம், பெண்பால் ஆகியவற்றுடன் சிகிச்சைத் தொடக்கத்தில் சி.டி.4 அணுக்கள் குறைந்திருத்தலையும் எடை உயர்வோடு தொடர்புடைய காரணியாகச் சுட்டியது. சி.டி.4 குறைவு பெரும்பாலும் தாமதமாகச் சிகிச்சை பெறுவதன் அடையாளம். நோயால் இழந்த எடை மீள்வதும் இவ்வுயர்வில் அடங்கும். ஆகவே 'இனம்' என்று பதிவாவதனுள் மருத்துவ வாய்ப்பின் ஏற்றத்தாழ்வும் மறைந்திருக்கக்கூடும்.

அளவுகோலின் சிக்கல்

ஒரே எடை அனைவருக்கும் ஒரே அளவு இடரைத் தருவதில்லை. உடல் நிறைச் சுட்டெண் 25 என்பது பொதுவான மிகை எடை வரம்பு. ஆசிய மக்களிடம் இடர் அதற்கு முன்பே தொடங்குவதால், 23ஐ அவர்களுக்குரிய கூடுதல் எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளலாம் என 2004இல் உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. எடையை மட்டும் நோக்குவதும் போதாது. இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் 7769 பேரிடம் நடந்த 'ரிப்ரீவ்' ஆய்வில், பிட்டாவாஸ்டேட்டின் மருந்து பெரிய இதயக் குருதிநாள நிகழ்வுகளை 35 விழுக்காடு குறைத்தது. அதில் பங்கேற்றோர் குறைந்த அல்லது மிதமான இதய இடர் உடையவர்களாகவே மதிப்பிடப்பட்டிருந்தனர்.

முடிவுரை

இனம் என்பது மரபணு, வறுமை, தாமதமான சிகிச்சை ஆகிய பலவற்றை ஒரு சொல்லுள் அடக்கும் பருமட்டான பகுப்பு. அதனையே காரணமாகக் கொண்டால் உண்மைக் காரணங்கள் ஆராயப்படாமல் போகும். எடை அச்சத்தால் பயனுள்ள மருந்தைக் கைவிடும் நிலையும் நேரலாம். மருந்தின் தன்மை, தனிமனித மரபணு, வாழ்நிலை ஆகிய மூன்றையும் இணைத்து நோக்குவதே இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ளும் முறையாகும்.