பாறையில் நின்று பாறை பிடிக்கலாம்

தூண்டில் போடுவது என்றதும் நம்மில் பலருக்குத் தோட்டத்து ஆறும் மண்புழுவும்தான் நினைவுக்கு வரும். கெளுத்தி மாட்டும்வரை கரையில் உட்கார்ந்து கதை பேசலாம். இந்த வாரம் நான் சொல்லப்போவது உட்கார முடியாத தூண்டில். புழு கிடையாது, இறால் கிடையாது. மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் மீனைக் கடலில் வீசி, அடிபட்ட மீன்போல் அதை நீர்மட்டத்தில் தடுமாற வைத்து, கீழே சுற்றும் வேட்டை மீனை மேலே வரவழைப்பது. மீன் பாய்ந்து தாக்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதுதான் இதிலுள்ள போதை. ஆங்கிலத்தில் டாப்வாட்டர் என்கிறார்கள். அந்தப் பிளாஸ்டிக் மீனை மலாய் நண்பர்கள் கெவாங் என்பார்கள்.

வாய்க்காலில் ரப்பர் தவளையை இழுத்து விராலும் தோமானும் பிடித்தவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி, நிற்கும் இடத்தைப் பற்றியது. மீன் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வீடு திரும்பலாம். பாறையில் வழுக்கிக் கடலில் விழுந்தால் திரும்புவதே நிச்சயமில்லை. அதனால் மீனைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

கோலாலம்பூரிலிருந்து குவாந்தான் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். மூன்று மணி நேரப் பயணம். தெலுக் செம்பெடாக்கின் பாறை முனை, இன்னும் வடக்கே திரெங்கானுவின் கெமாசிக் கடற்கரை என்று கிழக்குக் கரையில் பாறைகள் கரையை ஒட்டியே இருக்கின்றன. மேற்குக் கரையில் பல இடங்களில் சேறும் கலங்கல் நீரும்தான். குளிப்பவர்களும் நடப்பவர்களும் இருக்கும் பக்கம் வீசாதீர்கள். தடைப்பலகை இருந்தால் வேறு இடம் பாருங்கள். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகளுக்குச் சுற்றுலா போகிறவர்கள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடலாம். அவை கடல் பூங்காக்கள். தீவைச் சுற்றி 2 கடல் மைல் தூரத்துக்கு மீன்பிடிக்கத் தடை.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். அந்த மாதங்களில் கிழக்குக் கரைப் பாறைப் பக்கமே போகாதீர்கள். "இன்றைக்கு வெயில் அடிக்கிறதே" என்று யாராவது கூப்பிடுவார்கள். வானம் தெளிவாக இருப்பதற்கும் அலைக்கும் சம்பந்தமில்லை. தென்சீனக் கடலில் எங்கோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிக்கும் காற்று கிளப்பிய அலை, வெயிலிலும் வந்து மோதும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் நமக்கான காலம். அப்போதும் கிளம்புமுன் வானிலைத் துறையின் பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் மாலை, நீர் வற்றியிருக்கும் நேரத்தில் இடத்தைப் போய்ப் பார்ப்பது நல்லது. எங்கே பள்ளம், எங்கே மூழ்கிய கல் என்பது அப்போதுதான் தெரியும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பாறையில் ஏறியதும் அவசரப்பட்டுக் கோலை விரிக்காதீர்கள். இருபது நிமிடம் கடலை மட்டும் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறியவை பல வந்தபின் பெரியவை இரண்டு மூன்று சேர்ந்து வரும். எந்தக் கல் ஈரமாக இருக்கிறதோ அதுவரை அலை வந்து போயிருக்கிறது. பச்சையாகவோ கருப்பாகவோ பாசி படிந்திருந்தால் அடிக்கடி வருகிறது. காய்ந்த கல்லில் நில்லுங்கள். நீர் ஏறிக்கொண்டிருந்தால் இப்போது காய்ந்திருக்கும் கல் இன்னும் ஒரு மணி நேரத்தில் நனையும், திரும்பி வரும் வழியும் மூழ்கலாம். கடலுக்கு முதுகு காட்டி முடிச்சுப் போடக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. கூட வந்தவர் விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். ஐஸ் பெட்டியோ, மூடிய காலிப் போத்தலோ, மிதக்கும் எதையாவது வீசிவிட்டு 999க்கு அழையுங்கள். விழுந்தவர் அலை மோதும் இடத்திலேயே ஏற முயலாமல், பாறையை விட்டு விலகி மிதக்க வேண்டும்.

கடைக்காரர் முதலில் ரீலைக் காட்டுவார். நீங்கள் முதலில் உயிர்காப்பு மேலங்கியும் காலணியும் வாங்குங்கள். பால்மரம் சீவப் போகிறவர்கள் போடும் ரப்பர் காலணி, அதுதான் நம்மூர் 'அடிடாஸ் கம்போங்', காட்டுப் பாதையில் நன்றாகப் பிடிக்கும். பாசிப் பாறையில் ரப்பர் மட்டும் போதாது. அடியில் ஃபெல்ட்டும் இரும்பு முள்ளும் வைத்த காலணி வேண்டும். அடுத்தது கண்ணாடி. பறந்து வரும் கெவாங்கில் இரண்டு மூன்று முள் கொத்துகள் தொங்குகின்றன என்பதை மறக்காதீர்கள்.

மற்றச் சாமான்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். எட்டரை அல்லது ஒன்பது அடிக் கோல், 4000 அளவு ரீல், பின்னல் கயிறு பி.இ. 1.5 அல்லது 2, அதன் முனையில் 30 முதல் 40 பவுண்டு நைலான் லீடர் ஒன்றரை மீட்டர். ஃபுளோரோகார்பன் லீடரைப் பரிந்துரைப்பார்கள். அது சீக்கிரம் மூழ்கும், மிதக்கும் கெவாங்கின் மூக்கைக் கீழே இழுக்கும். கெவாங் இரண்டே இரண்டு போதும், 20 முதல் 30 கிராம் எடையில். ஒன்று பாப்பர், குழிந்த வாய் உள்ளது. இழுத்தால் 'பளக்' என்று நீரைத் துப்பும். இன்னொன்று பென்சில், ஒல்லியானது. இடமும் வலமும் நெளிந்து வரும்.

விடியற்காலை வெளிச்சம் பரவும் நேரம் மிக நல்லது. நேரே நடுக்கடலை நோக்கி வீசத்தான் எல்லாருக்கும் ஆசை. மீனோ பெரும்பாலும் காலடிக்குப் பக்கத்தில், அலை மோதி நுரைத்துத் திரும்பும் வெள்ளை நீரின் ஓரத்தில் இருக்கும். அங்கேதான் குஞ்சு மீன்கள் நிலை தடுமாறும். ஆகவே பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் வீசுங்கள். கோல் முனையைத் தாழ்த்தி, சுண்டி இழுங்கள், நிறுத்துங்கள். அலை உங்களை நோக்கி வரும்போது கயிறு தளரும், அதைச் சுற்றி எடுங்கள். அலை பின்வாங்கும்போது தானே இறுகும், அப்போது சும்மா இருங்கள்.

அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்றால் எங்கள் தயாரிப்பாளருக்கு வியர்த்துவிடும். இங்கே அந்த மூன்று விநாடியில்தான் மீன் தாக்குகிறது. நீர் வெடித்ததும் கை தானாகவே கோலை வெட்டி இழுக்கப் பார்க்கும். பொறுங்கள். முதல் அடியில் பல மீன்கள் குறி தவறும். அப்போது இழுத்தால் கெவாங் நேராக உங்கள் முகத்துக்கு வரும். கண்ணால் பார்த்ததை நம்பாமல், கையில் கனம் தெரிந்தபிறகு இழுக்க வேண்டும். கனம் தெரியவில்லையா, முன்புபோலவே ஆட்டிக்கொண்டிருங்கள். தவறவிட்ட மீன் திரும்பி வரும்.

மாட்டுவது பெரும்பாலும் தாலாங், சீலா, பாறை. தாலாங்கைத் தமிழில் தோல்பாறை என்பார்கள். ட்ரெவாலி குடும்பத்துக்கே தமிழில் பாறை என்றுதான் பெயர். பாறையில் நின்று பாறை பிடிப்பது என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஜி.டி. என்று காணொளிகளில் பார்க்கும் ராட்சதப் பாறை 80 கிலோ வரை வளரும் இனம். கரையோரத்தில் நமக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு கிலோக் குட்டிகள். அவற்றைத் திருப்பி விட்டுவிடுங்கள்.

ஆபத்து மிகுந்த கட்டம் மீனைக் கரையேற்றும்போது வருகிறது. மீன் காலடியில் புரளும், கயிறு கல்லில் உரசும், இரண்டடி கீழே இறங்கினால் கையால் பிடித்துவிடலாம் என்று தோன்றும். அந்த இரண்டடிதான் ஈரக் கல். இறங்காதீர்கள். பெரிய அலை வரும்போது அதோடு சேர்த்து மீனை இழுத்தால் அலையே அதைக் கல்மேல் கொண்டுவந்து வைக்கும். அது நடக்கவில்லை என்றால் கயிறு அறுந்து போகட்டும். கெவாங் இருபது முப்பது ரிங்கிட்.

கரைக்கு வந்த மீனையும் வெறுங்கையால் தொடாதீர்கள். தோல்பாறையின் முதுகு முள்ளிலும் அடி முள்ளிலும் விஷம் உண்டு. குத்தினால் நன்றாகக் கடுக்கும். சீலாவின் பல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீண்ட குறடால் முள்ளைக் கழற்றுங்கள்.

சாப்பிட ஒன்று போதும். தோல்பாறையின் சதை கொஞ்சம் வறட்சி, பொரித்தால் சுமார்தான். தாலாங் என்றாலே இங்கே கருவாடுதான் பேர்போனது. அன்னாசிப்பழம் போட்டுத் தேங்காய்ப்பாலில் வைக்கும் குலாய் ஒன்று மலாய்க்காரர் வீடுகளில் உண்டு. புதிதாகப் பிடித்ததை நம் புளிக்குழம்பில் கத்தரிக்காயோடு போட்டாலும் நன்றாகவே இருக்கும். கோலையும் ரீலையும் அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு காத்திருக்காது.