செஞ்சியில் கிடைத்த செல்லாக் காசு

செஞ்சிக் கோட்டைக்குப் போகும் சகோதரிகளே! ராஜகிரி அடிவாரத்தில் பழங்காசு ஒன்று தட்டுப்பட்டால் முந்தானையில் முடிந்துகொள்ளாதீர்கள். மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷத்துச் சட்டம்.

வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடப்பது வேறு சங்கதி. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா ஏராளம். பேரனுக்குக் கதை சொல்ல உதவும், பங்களா வாங்க உதவாது. 1939 வரை அச்சான ராஜா தலை ரூபாயிலோ பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி! 1940-க்குப் பின் பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது. ஆகவே, பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போடுமுன் வருஷத்தைப் பாருங்கள்.

புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு குத்துவிளக்குக்கு அழகு. பழங்காசுக்கு அதுவே நஷ்டம்.