ஹெடர் மாத்தினா கார் பறக்குமா? 40,000 ரூபாய்க்கு எத்தனை பிஎஸ் வாங்குறீங்க?

போனஸ் வந்த வாரம். என் ஸ்விஃப்ட்டுக்கு எக்ஸாஸ்ட் ஹெடர் விலை கேட்டு ஒரு கடையில நின்னேன். ஹெடர், பொருத்துற கூலி, ஈசியூ ரீமேப் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய். "பத்து பிஎஸ் ஏறும் சார்"னு சொன்னாங்க. கார்டை எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க.

ஹெடர் வேலை செய்யாதுன்னு நான் சொல்லல. கம்பெனி மேனிஃபோல்ட்ல குழாய்கள் பெரும்பாலும் குட்டையா இருக்கும். ஒரு சிலிண்டரோட புகை இன்னொன்னோட வழியில முட்டும். ஹெடர்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் நீளமான தனிக் குழாய். 1-3-4-2 வரிசையில எரியுற இன்ஜின்ல 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடியா, 2-ஐயும் 3-ஐயும் இன்னொரு ஜோடியா சேர்த்து, கடைசியில ஒண்ணாக்கினா அதுதான் 4-2-1 ஹெடர். வேகமா வெளிய ஓடுற புகை, பின்னாடி அழுத்தத்தைக் குறைச்சு அடுத்த சிலிண்டர்ல மிச்சமிருக்குற புகையையும் இழுத்துட்டுப் போகும். அந்த இடத்துல புதுக் காத்து கூடுதலா நிரம்பும். பவர் ஏறும்.

எவ்வளவு ஏறும்? அதுலதான் விஷயம் இருக்கு. 2018-ல வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் 83 பிஎஸ், அதுவும் 6,000 ஆர்பிஎம்-ல. டர்போ இல்லாத சின்ன இன்ஜின்ல ஹெடர் தர்றது பொதுவா சில சதவீதம்தான். தாராளமா 5 சதவீதம்னு வெச்சாலும் சுமார் 4 பிஎஸ். ஒரு பிஎஸ் 10,000 ரூபாய்!

அந்த லாபமும் பெரும்பாலும் ஆர்பிஎம் உச்சத்துலதான் கிடைக்கும். ஓஎம்ஆர் டிராஃபிக்ல நீங்க 2,500-ஐத் தாண்டுறதே அபூர்வம். இந்த இன்ஜினோட உச்ச டார்க் 113 என்எம். அது முழுசா 2,500-லயே கிடைச்சாலும் பவர் 40 பிஎஸ்தான் வரும். குழாய் அளவு தப்பாப் போனா, கீழ் ஆர்பிஎம்-ல இருந்த இழுவையும் குறையும். (1.0 டிஎஸ்ஐ வெச்சிருக்கவங்க கவலைப்பட வேண்டாம். உங்க மேனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளயே வார்த்தது, மாத்தவே முடியாது.)

இந்த 40,000-ஐ 14 சதவீத பர்சனல் லோன்ல, 24 மாசத்துக்கு எடுத்தீங்கன்னா இஎம்ஐ சுமார் 1,920. மொத்தம் 46,000-க்கு மேல கட்டுவீங்க.

செலவு அதோட முடியல. இப்போ வர்ற பெட்ரோல் கார்கள்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்ட்டை ஒட்டியே இருக்கும். பல ஹெடர் செட்ல அதைத் தூக்கிடுவாங்க. செக் இன்ஜின் லைட் எரியும், அதை ரீமேப்ல மறைப்பாங்க. ஆனா சட்டத்துல இருந்து மறைக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி, புகை, சத்த விதிகளை மீறின வண்டியை ஓட்டினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டுமே. லைசன்ஸும் 3 மாசம் செல்லாம போகும். சொல்லாம செஞ்ச மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கிளெய்ம்ல தகராறு வரலாம். வாரண்டியும் அப்படித்தான்.

டிராக்ல ஓட்டத்தான் வாங்குறீங்கன்னா அது வேற கணக்கு. அப்பவும், மாத்துறதுக்கு முன்னாடி ஒரு டைனோ ரீடிங், மாத்தின பிறகு ஒண்ணு, ரெண்டையும் பேப்பர்ல கேளுங்க. நான் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், சவுண்டைக் கேட்டுப் பாருங்க"ன்னார் கடைக்காரர். புது ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன்.